கையை நீட்டினால்தான் கீரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் மாமியாரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் மழுப்பக் கூடாது. அளவுநாடாவோடு வந்த நகராட்சி அதிகாரி, எங்கள் குடியிருப்பு செக்ரட்டரி, அவர் மனைவி, தெருமுனை கிளினிக் நர்ஸம்மா, மூன்றாம் மாடி தையல்காரர், என் மருமகள், நான்.

கட்டடத்துக்குப் பின்னால் உடைந்த பீங்கானும் துருப்பிடித்த கட்டிலும் கிடந்த இடத்தைக் கொத்தித் தோட்டமாக்கியது நான். என் கல்யாணத்தன்று ஊர் முன்னால் "அக்கா கை பட்டா கள்ளிகூடக் காஞ்சிரும்" என்றாயே, அதே கை. இன்று இருபத்தாறு வீட்டு அடுப்பில் என் கீரைதான் வேகிறது. சும்மா கொடுக்கவில்லை. "மயக்கம் போட்டு விழுந்தப்புறம்தான் தூக்கிட்டு வர்றாங்க பாட்டி, அதுக்கு முன்னாடி ஒருத்தரும் எட்டிப் பார்க்கிறதில்ல" என்று நர்ஸம்மா ஒருநாள் புலம்பினாள். அன்றே சட்டம் போட்டேன். கிளினிக்கில் கையை நீட்டி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நர்ஸம்மா கொடுக்கும் சீட்டைக் காட்டினால்தான் காய். "கீரைக்கு டாக்டர் சீட்டா? அடுத்து ஊசி போட்டாத்தான் தக்காளியா?" என்று தையல்காரர் கேட்டார். கேட்டுவிட்டு நேரே போய்க் கையை நீட்டினார். சீட்டு இல்லாமல் வந்த என் மருமகளையே வெறுங்கையோடு அனுப்பினேன். அன்று வீட்டில் ரசம்கூட இல்லை; எனக்கும்தான் இல்லை.

இந்த செக்ரட்டரி, தோட்டத்தை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த வேண்டும், கொசு வருகிறது, மண் ஒட்டுகிறது என்று மனுப் போட்டுவிட்டார். அதிகாரி வந்து, என் பீன்ஸ் கொடியை அளவுநாடாவால் தட்டி, "இந்தச் செடியால யாருக்கு என்ன பிரயோஜனம்? எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார். நர்ஸம்மா எல்லார் அழுத்தமும் சர்க்கரையும் குறித்து வைத்த நோட்டைப் பிரித்து, "பேர் சொல்ல மாட்டேன், கதவு எண் மட்டும்தான்" என்றாள். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று இங்கே பூனைக்குக்கூடத் தெரியும்.

"யாருக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கு?" என்றார் அதிகாரி.

"ஏழாம் எண் சார். ஆண், வயசு அறுபத்திரண்டு. எட்டு மாசத்துல அழுத்தம் நல்லா இறங்கிடுச்சு. மாத்திரையையே டாக்டர் பாதியாக்கிட்டார்."

ஏழாம் எண் செக்ரட்டரி வீடு! வாராவாரம் சீட்டோடு வந்தது அவர் மனைவி. கையை நீட்டியதும் அவள்தான் என்று நான் நினைத்திருந்தேன். "இவர்தான் விடியக்காலையில யாருக்கும் தெரியாம போய்ப் பார்த்துட்டு வருவாரு. சீட்டை மட்டும் என் கையில திணிப்பாரு, பிஞ்சு பீன்ஸா பார்த்து வாங்கிட்டு வான்னு" என்று அந்த அம்மாள் போட்டு உடைத்தாள். செக்ரட்டரி கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கார் தெருவுலயே நிக்கட்டும் சார்" என்றார். அதிகாரி நாடாவைச் சுருட்டினார். தோட்டம் பிழைத்தது.

அதோடு போயிருக்கலாம். போகிற மனிதர் திரும்பி நின்று, "ஆரம்பிச்சு வச்ச பாட்டிக்கு எவ்வளவு குறைஞ்சுது?" என்று கேட்டார். நர்ஸம்மா தரையைப் பார்த்தாள். "பன்னிரண்டாம் எண்... சர்க்கரை ஏறியிருக்கு சார்."

"இப்பத்தான் புரியுது, அத்தை தலையணை உறையில ஏன் எறும்பு மொய்க்குதுன்னு" என்றாள் மருமகள். செக்ரட்டரி எட்டு மாதத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்.

சிரித்தவரை மன்னித்துவிட்டேன், பீன்ஸ் தின்கிற வாய். உள்ளதைச் சொன்ன நர்ஸம்மாவை மன்னித்துவிட்டேன். மருமகளை வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பதாக இருக்கிறேன். மாதாமாதம் பார்சலில் கிரீம் பிஸ்கட் டப்பா அனுப்பி, இத்தனை பேர் முன்னால் என் தலையைக் குனிய வைத்த ஒருவனை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். அது நீ.

உன் வீட்டில் உலையும் உடம்பும் ஒருநாளும் குறைப்படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: டப்பா நேற்றோடு காலி. அடுத்ததைத் தையல்காரர் விலாசத்துக்கு அனுப்பு, பேசி வைத்திருக்கிறேன். அவருக்குச் சீட்டு இல்லாமலே தக்காளி.