ஒரு இஞ்சுக்கு எம்புட்டு இழை

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ப்ளாப்பி இருந்துச்சாம்.

ஊரு ராஜபாளையம். காலம் தொண்ணூறுகளோட கடைசி. ப்ளாப்பி, நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரோடது. இன்னொண்ணும் இருந்துச்சு, ஆனா அதுல பூஞ்சை பூத்துருச்சு.

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சாதாரணம். பேண்டேஜ் துணி நெய்யிற கம்பெனி முதலாளி ஒருத்தருக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மைப் படம் வரையணும். அதை ப்ளாப்பியில ஏத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்குற எங்க கிளைக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டணும். பஸ்ஸுல ஒரு குட்டித் தூக்கம் கூட முழுசா வராத தூரம்.

படம் பார்க்க வாரது ஒரு சிஸ்டர். பெரிய மிஷன் ஆஸ்பத்திரி ஒண்ணுக்குச் சாமான் வாங்குறவங்க. துணிக் கம்பெனிகளப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தாங்க.

"தம்பி, அவிய ஆர்டர் கொடுத்தா வருஷம் பூரா தறி ஓடும். கொடுக்கலேன்னா பாதித் தறிய மூடி வச்சுட்டு நான் வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்க வேண்டியதுதான்"னு முதலாளி சொல்லியிருந்தார்.

கதையும் பெருசா ஒண்ணுமில்ல. கையில காயம், ரத்தம் சொட்டுது. பேண்டேஜ் உருண்டு வருது, கையச் சுத்துது. ரத்தம் நிக்குது. கம்பெனி பேரு வருது. அம்புட்டுதான்.

கெடுத்தது எங்க தாத்தா. அவர் கதையில ராஜா வேட்டைக்குக் கிளம்பினார்னா, குதிரைக்குக் கொள்ளு ஊறப்போடுறதுலருந்துதான் ஆரம்பிப்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாது. அதுலயும் முதலாளி வேற போகும்போது, "நம்ம துணிக்குப் பேரே இழையாலதான். இழையக் காட்டு தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனார்.

காட்டினேன். ஒவ்வொரு இழையா வரைஞ்சேன். நெடுக்க ஓடுற பாவு தனி, குறுக்க ஓடுற ஊடை தனி. நெசத்துல நூல் லேசா நெளியுமேன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நெளிவு வேற. நர்ஸம்மா, கட்டில், ஜன்னல். ஜன்னலுக்கு வெளிய ஒரு மலை. மலைக்கு மேல ஒரு காக்கா. காக்கா எதுக்குன்னு கேக்காதீங்க.

முடிச்சு ப்ளாப்பியில ஏத்தினா, இடமில்லைன்னு சொல்லிருச்சு. கொஞ்ச நஞ்சமில்ல, அந்தப் படத்துக்கு நாலஞ்சு ப்ளாப்பி வேணும். இருக்குறது ஒண்ணு.

சரி, இளைக்க வைப்போம்னு உக்காந்தேன்.

இது கோட்டுப் படம். ஒவ்வொரு கோட்டையும் கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாத்தான் ஞாபகம் வச்சுக்கும். நெளிவு கூடினா புள்ளி கூடும். புள்ளி கூடினா பைலு பெருக்கும். அதனால சாப்ட்வேர்லயே ஒரு பட்டன் இருக்கும். எந்த உருவத்துல வச்சு அமுக்கினோமோ அதோட புள்ளியக் கொறைச்சு, கோட்ட வழவழன்னு ஆக்கிரும்.

அமுக்கினேன். நர்ஸம்மாவுக்கு மூக்கு போச்சு. மறுபடி அமுக்கினேன். நோயாளியோட விரலெல்லாம் ஒட்டி, கை பணியாரம் மாதிரி ஆயிருச்சு. பைலு மட்டும் அப்படியே இருந்துச்சு.

மூக்கில்லாத நர்ஸம்மா எதுக்குன்னு அவங்களயே தூக்கினேன். கட்டில் போச்சு. ஜன்னல் போச்சு. மலையும் போச்சு. காக்காவ அழிக்கும்போது மட்டும் மனசு கேக்கல. அதுவும் போச்சு.

அப்பவும் ஏறல.

அப்பத்தான் உறைச்சுது. எடையெல்லாம் இழையில இருக்கு. நான் காக்காவக் கொன்னுட்டு உக்காந்திருக்கேன்.

ஒண்ணு விட்டு ஒண்ணு இழைய உருவினேன். பாதி கொறைஞ்சுது. இன்னொரு தடவை உருவினேன். ஏறிருச்சு. எனக்கு நானே கை கொடுத்துக்கிட்டேன்.

ப்ளாப்பிய டிபன் பாக்ஸுக்குள்ள வச்சு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போனேன். முதலாளி எனக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டிருந்தார். அங்க இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். சுவிட்சப் போட்டுட்டு வெளிய போய் காப்பி குடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்.

"சிஸ்டர் வாரதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பார்த்துருதேன்"னார்.

ஓட்டினேன். ரத்தம் சொட்டுச்சு, பேண்டேஜ் உருண்டு வந்துச்சு. முதலாளி முகத்துல சிரிப்பு வரும்னு பார்த்தேன்.

"நிப்பாட்டு."

நிப்பாட்டினேன். அவர் சட்டைப் பையில கை விட்டு, மடக்குக் கண்ணாடி ஒண்ண எடுத்தார். துணி மேல வச்சு இஞ்சுக்கு எத்தனை இழைன்னு எண்ணுற பூதக்கண்ணாடி. பேண்டேஜ்காரங்க பேனா இல்லாமக் கூட வெளிய போவாங்க, அது இல்லாமப் போக மாட்டாங்க. அதை அப்படியே கம்ப்யூட்டர் திரையில ஒட்ட வச்சு, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் குனிஞ்சார்.

"ஏலே. இஞ்சுக்கு எம்புட்டு இழை வச்சிருக்க?"

"மொதலாளி, அது படம்."

"படமா இருந்தா என்ன? இஞ்சு இஞ்சுதான?"

"இல்ல மொதலாளி, பெருசாக்கிக் காட்டியிருக்கு, அதனால..."

அவர் குரலுக்கு முன்னால நான் பேசுறது எனக்கே சரியாக் கேக்கல. அவருக்கு எங்க கேக்கப் போகுது?

"இது பேண்டேஜ் இல்லடா, கொசுவலை. காயத்துக்குக் கட்டினா காயம் வெளிய எட்டிப் பார்க்கும். ஆமா, இதென்ன? ஏமிரா இதி?"

அவருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. கோவம் கூடினா தமிழ் தானா விலகி நிக்கும்.

"என்ன மொதலாளி?"

"செவப்பு தெரியுது. பச்சை தெரியுது. நீலம் வேற. வெள்ளைத் துணியில சாயம் போட்டிருக்கியா நீ?"

கம்ப்யூட்டர் திரையில வெள்ளைன்னு நாம பார்க்குறது எல்லாமே அந்த மூணு கலர்ப் புள்ளிதான். அதை நான் விளக்கினேன். ரொம்ப மெதுவா, ரொம்ப மரியாதையா விளக்கினேன்.

"புண்ணுல படுற துணியில சாயம் போட்டா என்னைய ஜெயில்ல போடுவாங்க, தெரியுமா? சாயத்த எடு. இழையப் போடு."

"இழையப் போட்டா பைலு பெருக்கும் மொதலாளி. ஒவ்வொரு இழையும் தனித்தனியா வரைஞ்சது."

"தனித்தனியா எதுக்குலே வரைஞ்ச? தறியில நாங்க என்ன இழைக்கு ஒரு பேரு வச்சா கூப்புடுதோம்?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தக் கிளையிலயும் இருந்த அதே சாப்ட்வேர்ல அதுக்கு வழி இருக்கு. ஒண்ண மட்டும் வரைஞ்சு மூலமா வச்சுக்கிட்டா, மத்ததுக்கெல்லாம் 'அதே மாதிரி, இந்த எடத்துல'ன்னு சொன்னாப் போதும். எத்தனை போட்டாலும் பைலு அவ்வளவா பெருக்காது. புத்தகத்துல மொதப் பாடமே அதுதான். நான் ரெண்டாம் பாடத்துலருந்து படிச்சவன்.

ஒரு இழை வரைஞ்சேன். அதையே நகல் நகலாப் போட்டேன். பழசை எல்லாம் தூக்கிட்டுப் பார்த்தா, பைலு பட்டினி கெடந்த பூனை மாதிரி கெடக்குது. ப்ளாப்பியில முக்கால்வாசி காலி.

அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் பிடிக்க முடியல.

"இன்னும் போடு."

"போட்டாச்சு மொதலாளி."

"ஊடை பத்தாது. போடு, போடு."

"எடை கூடவே மாட்டேங்குது மொதலாளி!"

"கூடலேல்ல? அப்ப என்னத்துக்குக் கஞ்சத்தனம்? போடு."

பந்தியில பாயசம் ஊத்துற மாதிரி ஊத்தினேன். அவர் கண்ணாடிய வச்சு வச்சு எண்ணினார். கடைசியில நிமிர்ந்து, "இது துணி"ன்னார். கண்ணாடிய மடக்கிப் பையில போட்டுக்கிட்டு, "சாயத்தப் பத்திப் பொறவு பேசிக்கிடுவோம்"னார்.

திரும்பிப் பார்த்தா, வாசல்ல சிஸ்டர் நிக்காங்க. செருப்பக் கழட்டிட்டு, குடைய மடக்கிட்டு, எவ்வளவு நேரமா நிக்காங்கன்னே தெரியல.

முதலாளி நாற்காலிய இழுத்துப் போட்டார். நான் படத்த ஓட்டினேன்.

கை வந்துச்சு. ரத்தம் சொட்டுச்சு. ஜோராச் சொட்டுச்சு. ஓரத்துல பேண்டேஜ் தலைய நீட்டிச்சு.

அவ்வளவுதான். எல்லாம் நின்னு போச்சு.

நான் மறந்தது ஒண்ணே ஒண்ணு. எழுதி வைக்கத்தான் 'அதே மாதிரி'ன்னு ஒரு வார்த்தை போதும். ஓட்டும்போது அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு இழையையும் தானே உக்காந்து வரையணும். ஒரு தடவை வரைஞ்சா போதாது. பேண்டேஜ் ஒரு நூலளவு நகர்ந்தாலும் மொத்தத்தையும் அழிச்சுட்டு மறுபடி மொதல்லருந்து வரையணும்.

பேண்டேஜ் கொஞ்சம் நகர்ந்துச்சு. யோசிச்சுது. கொஞ்சம் நகர்ந்துச்சு.

ஒரு சொட்டு ரத்தம் பாதி வழியில அந்தரத்துல தொங்குது.

சிஸ்டர் பார்த்தாங்க. முதலாளி என்னப் பார்த்தார். நான் மவுஸப் பார்த்தேன்.

"வருது சிஸ்டர், வந்துக்கிட்டே இருக்கு"ன்னு முதலாளி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவர் மாதிரி சமாதானம் சொன்னார்.

"நோயாளி தாங்குவாரா?"ன்னு சிஸ்டர் கேட்டாங்க.

நான் தட்டாத பட்டனில்ல. படம் ஓடவும் இல்ல, நிக்கவும் இல்ல. முதலாளி கர்ச்சீப்ப எடுத்துக் கழுத்தத் தொடைச்சார். பாதித் தறி இப்பவே நின்னுட்ட மாதிரி இருந்துச்சு அவர் முகம்.

"துணி கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு சிஸ்டரே கேட்டாங்க.

முதலாளி வெறுங்கைய விரிச்சார். "கம்ப்யூட்டர்லயே காட்டிறலாம்னு... வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

பேண்டேஜ் விக்க வந்தவர், பேண்டேஜ் இல்லாம வந்திருக்கார். என்னைய நம்பி. எனக்கு மேசைக்கு அடியில போயிரலாம்னு இருந்துச்சு.

சிஸ்டர் உதட்டக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா அந்தரத்துல தொங்குன சொட்டு அப்பப் பார்த்து கொஞ்சூண்டு கீழ எறங்கவும், அவங்களால முடியல. சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க.

"காலையிலருந்து வாரவங்க எல்லாரும் எங்க துணிதான் ஒசத்தின்னு சொன்னாங்க. சொல்லத்தான செய்வாங்க. படத்துல கூட இழை கொறையக் கூடாதுன்னு ஒருத்தர் சண்டை போட்டத இங்க வாசல்ல நின்னுதான் கேட்டேன்."

முதலாளி கர்ச்சீப்ப மடிச்சுப் பையில வச்சார்.

"நாளைக்குத் துணியக் கொண்டு வாங்க. இஞ்சுக்கு நீங்க சொல்லுத இழை இருந்தா மொத ஆர்டர் உங்களுக்கு." எந்திரிச்சாங்க. "ஒண்ணு மட்டும் கேக்கணும். உங்க தறியும் இதே வேகத்துலதான் ஓடுமா?"

"ஐயோ இல்ல சிஸ்டர். அது தறி. இது இவன்."

சிஸ்டர் குடைய எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. முதலாளி அவங்கள வாசல் வரைக்கும் வழியனுப்பிட்டு வந்து, என் தோளத் தட்டினார். திட்டுவாருன்னு நெனச்சேன்.

"நல்லா இருலே. நான் போய்த் துணியக் கட்டணும். நீ இத அணைச்சுட்டு வா."

அவரும் போயிட்டார்.

படம் முடியாம அது அணைய மாட்டேன்னுருச்சு. நான் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். வெளிச்சம் மங்குற நேரத்துக்கு பேண்டேஜ் ஒருவழியாக் கையில வந்து சுத்திச்சு. ரத்தம் நின்னுச்சு. கம்பெனி பேரு வந்துச்சு.

நோயாளிக்கு ஒண்ணுமில்ல. பார்க்க வந்த சொந்தக்காரங்கதான் யாரும் காத்திருக்கல, என்னத் தவிர.