சிரட்டையரும் குருட்டுப் பாம்பும்

குருட்டுப் பாம்புக்காக வாதாடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். சாதாரண ஆட்களோடு நான் பழகியதில்லை.

வெள்ளைக்காரன் காலம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வெல்லாவெளிப் பக்கத்து வயல்வெளி வட்டையொன்றில் காணிக்காரப் போடியார் ஒருவரிடம் கூலிக்கு நின்றேன். களத்தில் கதிரிலிருந்து நெல் உதிரச் சூடு மிதிக்கும் எருமைகளைச் சாய்த்து ஓட்டுபவர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் இடுப்பில் வேட்டி இருக்கிறதோ இல்லையோ, கையில் ஈரமண் போட்ட சிரட்டை இருக்கும். அதனால் ஊருக்கெல்லாம் அவர் சிரட்டையர். மண்ணுக்குள் நாலைந்து குருட்டுப் பாம்புகள். மண்புழுவளவு, கறுத்த மினுக்கம். தான் சோறு தின்னுமுன் அவற்றுக்கு எறும்பு முட்டை தேடிப் போவார்.

“இதுக்குக் கண் இல்லையா அண்ணே?” என்று கேட்டேன்.

“இருக்கு. செதிலுக்குக் கீழ ரெண்டு புள்ளி. வெளிச்சமும் இருட்டும் தெரியும். உனக்கு மட்டும் அதுக்கு மேல என்ன தெரியும்?”

“வாலில முள் கிடக்கே?”

“மண்ணில ஊண்டித் தள்ளுறதுக்கு. கடிக்கிற வாயும் இல்ல, விசமும் இல்ல. இன்னொண்டு கேளு. எல்லாம் பொம்பிளைதான். ஆம்பிளை ஒண்டையும் நான் கண்டதில்ல.”

“அப்ப குஞ்சு எப்பிடி?”

“அதை அதுகளிட்டக் கேளு.”

களமே சிரித்தது. நான் செலவழித்துப் படிக்கவைத்த பேரன், ஆணில்லாமலே அவை குஞ்சு பொரிப்பது உண்மைதான் என்று இப்போது சொல்கிறான்.

ஒரு நாள் மத்தியானம் களத்தோரம் பாய் போட்டுக் கண்ணயர்ந்து எழும்பினேன். இடது காதுக்குள் குத்து, குடைச்சல். பாயைத் தூக்கினால் அடியில் ஒரு குருட்டுப் பாம்பு நெளிகிறது. அது காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

ஆனால் சூடு மிதிக்கும் களத்தில் சில சொற்களை வாயால் சொல்லக் கூடாது. பாம்பு என்று சொன்னால் பொலி, அதாவது குவிந்த நெல், குறைந்துபோகும். சொன்னவன் களத்தை விட்டு இறங்க வேண்டும்.

போடியார் பாயைப் பார்த்தார். “அதுட சோடி இவன்ட காதுக்குள்ள போயிற்று. எண்ணெயைக் காய்ச்சி ஊத்துங்கடா.”

முந்தின வருஷம் அப்படி ஊற்றிக்கொண்டவன் ஒருவன் இன்றுவரை கூப்பிட்டால் திரும்புவதில்லை. என்னை நாலு பேர் பிடித்தார்கள். என் பலத்துக்கு ஆறு பேர் வேண்டும். காதுவலியில் நாலு போதுமாயிற்று.

சிரட்டையர் எருமைகளை விட்டுவிட்டு ஓடி வந்தார். “அது போகாது போடியார்.”

“எது?”

“அதுதான்.”

“எதடா? விளக்கமாச் சொல்லு.”

சிரட்டையர் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பாம்பு,” என்றார். எருமைகளும் நின்ற மாதிரி எனக்குப் பட்டது. “குருட்டுப் பாம்பு. இந்தப் பாம்புக்குச் சோடியே இல்ல. பாம்பு எறும்புப் புத்தைத் தேடித்தான் போகும். இவன்ட காதுக்குள்ள புத்தா கிடக்கு?”

சொல்லிவிட்டு மண்ணில் ஒருக்களித்துப் படுத்தார். சிரட்டையிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் காதின்மேலேயே விட்டார். அது காதுமடலை ஒரு சுற்றுச் சுற்றி, கழுத்தால் இறங்கி, மண்ணைக் கண்டதும் மறைந்துபோயிற்று. பிறகு என் தலையைச் சரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் காதில் விட்டுக் கவிழ்த்தார். கூரான வால்முனையோடு ஒரு நெல்மணி வந்து விழுந்தது.

போடியார் அந்த நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். “காது சரி. நீ களத்தை விட்டு இறங்கு.”

சிரட்டையர் சிரட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். என் வாய் பெரிய வாய். களுவாஞ்சிக்குடிச் சந்தை முழுக்கத் தெரியும். அன்றைக்கு அது திறக்கவில்லை.

சில வருஷங்களில் நானே காணி வாங்கிப் போடியாரானேன். முதல் சூடு மிதிக்க ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன்.

“எனக்கு வாய் நில்லாது தம்பி,” என்றார்.

“அதுக்குத்தான் கூப்பிட்டனான். வாங்கண்ணே.”

வந்தார். காலையிலிருந்து பொழுதுபடும்வரை என் களத்தில் பாம்பு, பாம்பு, பாம்பு. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வைக்கோலைப் பார்த்தேன்.

அந்த வருஷம் பொலி சற்றுக் குறைந்துதான் போயிற்று. “எப்பிடித் தம்பி பொலி?” என்று அவர் கேட்டபோது, “கூடிப்போச்சண்ணே,” என்றேன்.