பாதிப் பாட்டுக் கல்யாணம்

மலிவு விலை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தனிக்கட்டைக்கு அதைப் போல ஒரு துணை கிடையாது. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இந்த ஞானம் எனக்கு எண்பதுகளின் நடுவில், நாமக்கல்லில், ஒரு கல்யாணப் பந்தலில் வந்தது.

அப்போது நான் லாரி உதிரிபாகக் கடையில் விற்பனையாளன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். செங்கோடண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தேன். பகலெல்லாம் பிரேக் லைனிங், ஃபேன் பெல்ட் என்று கத்திவிட்டுச் சாயங்காலம் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. கீழ்வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். "ஏனுங்க தம்பி, சாப்டாச்சுங்களா?" என்று அண்ணனின் மனைவி பாவாயி அக்கா படிக்குக் கீழே நின்றபடியே கேட்பார். "ஆச்சுங்க" என்பேன். உறவு அத்தோடு சரி. அந்த வீட்டில் எனக்குப் பெயர்கூட இல்லை, 'மேல் ரூம்காரர்'தான்.

அந்த அமைதிக்குப் பயந்துதான் சேலத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி ஆம்ப்ளிஃபயர் செய்து வாங்கினேன். செருப்புப் பெட்டி அளவு இருக்கும். முகப்பில் பாட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கும் சிவப்பு விளக்குகள். கேசட் டெக்கைச் சேர்த்துவிட்டால், குறைந்த சத்தத்தில் அத்தனை சுத்தமாகப் பாடும். சத்தத்தைக் கூட்டினால் தொண்டை கட்டிக்கொள்ளும், ஆனால் ஒற்றை அறைக்கு அது எதற்கு? இரண்டு ஸ்பீக்கர்களையும் இரண்டு மூலைகளில் வைத்து, நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்காருவேன். பாடகர் ஜன்னலோரமும் தபலாக்காரர் அலமாரியோரமும் இருந்து எனக்காகவே கச்சேரி செய்வார்கள். (அறையில் மூன்று பேர் குடியிருக்கிற மாதிரி. வாடகை கொடுப்பது மட்டும் நான் ஒருத்தன்.)

அந்த வருடம் அண்ணனின் மகள் சரசுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சேந்தமங்கலம். மைக் செட்டுக்கு யாரைச் சொல்லலாம் என்று கீழே பேச்சு அடிபட்டது. அடுத்த நிமிடம் நான் படியிறங்கி நின்றேன்.

"செட்டு எதுக்குங்கண்ணா? என்கிட்டயே ஸ்டீரியோ இருக்குதுங்க."

"கல்யாணத்துக்குத் தாங்குமுங்களா தம்பி?"

"கச்சேரியே வைக்கலாமுங்க!"

யந்திரத்தின் யோக்கியதை எனக்கா தெரியாது? தெரியும். ஆனால் இந்தக் கல்யாணத்திலாவது நான் அந்த வீட்டு மனுஷனாக ஓடியாடி நிற்க வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

வீட்டு வாசலிலேயே பந்தல். முகூர்த்தம் முடிந்து பந்தி. யார் முதல் பந்தி என்று மனத்தாங்கல் வரக் கூடாது என்பதற்காக, அண்ணன் இரண்டு வீட்டாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தார். பந்தலின் இடப்பக்கம் பெண் வீடு, வலப்பக்கம் மாப்பிள்ளை வீடு. இலை, சொம்பு, இனிப்பு எல்லாம் சரிசமம். நான் மட்டும் சளைத்தவனா? பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர் என்று நியாயமாகப் பங்கு பிரித்து வைத்து, பாட்டைப் போட்டேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையை விட்டு எழுந்தார்.

"ஏனுங்க, பொண்ணூட்டுக்காரங்களுக்குப் பாட்டு, எங்களுக்கு வெறும் கொட்டா? என்னங்க மருவாதை இது?"

கேட்டுப் பார்த்தேன். அவர் பக்கம் தபலா மட்டும் 'டொக்கு டொக்கு' என்றது. பாடகர் முழுசாகப் பெண் வீட்டோடு போய்விட்டிருந்தார். என் அறையில் அந்த நாற்காலியைத் தவிர வேறு இடத்தில் யாருமே உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் அவருக்குப் பாதிப் பாட்டுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? விலை கூடிய ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தைத் தர ஒரு பொத்தான் உண்டு. என்னுடையதில் அந்த இடத்தில் இன்னொரு சிவப்பு விளக்கு இருந்தது.

"நடுவுல உட்கார்ந்து கேட்டா முழுசாக் கேக்குமுங்க" என்றேன்.

"நடுவுல சாம்பார் அண்டாவல்லவா உட்கார்ந்திருக்குது!"

பதறிப்போய் வயர்களை மாற்றிச் சொருகினேன். பாடகர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தாவினார். இப்போது பெண்ணின் சித்தப்பா எழுந்தார். "எங்க பாட்டைப் புடுங்கி அவங்களுக்குக் குடுத்துட்டீங்களா?" அங்கே இரண்டு பேர், இங்கே நாலு பேர் என்று இலைகளை விட்டு எழ ஆரம்பித்தார்கள். செங்கோடண்ணன் வெளுத்த முகத்தோடு என்னைப் பார்த்தார். சத்தத்தை ஏற்றினால் இரண்டு பக்கமும் எல்லாம் கேட்டுவிடாதா என்று குமிழைக் கடைசிவரை திருகினேன். பாடகர் கரகரத்தார், கனைத்தார். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு 'பொசுக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, ரப்பர் கருகிய நாற்றம்.

பந்தலே அமைதியானது. தாய்மாமன் இந்தப் பக்கம் காதைக் கொடுத்தார், அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"ம்ம். இப்பத்தானுங்க ரெண்டு பக்கமும் ஒண்ணு" என்று சொல்லி இலையில் உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு மொத்தப் பந்தியும் சிரித்தது.

நான் கருகிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அவமானத்தைவிட, இனி அறையில் சத்தம் போட எதுவுமே இல்லையே என்ற நினைப்புதான் அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். பாவாயி அக்கா இலையில் சாப்பாட்டோடு மூச்சு வாங்கியபடி வந்தார்.

"சாப்புடாம வந்துட்டீங்களே சாமி" என்றார். சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார்.

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாராவது ஓரவஞ்சனை செய்தால், "ஸ்டீரியோ போடாதீங்க" என்பார்கள். பேரன் பேத்திகளின் கல்யாணங்களிலும் பந்தியில் இந்தக் கதை ஓடுகிறது. சென்ற முறை சரசு, நான் பந்தலையே கொளுத்திவிட்டதாகச் சொன்னாள். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பஸ் ஏறிப் போய்விடுகிறேன். கதையைத் திருத்தத்தான் வந்தேன் என்று அவர்களிடம் சொல்வேன். வேறு யாரும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.