கரண்டைத் திட்டும் உரிமை

“மனுஷன் இருக்கறதா, சாவறதா? கொசுவுக்கு விருந்து வெக்கறதுக்கா நாம வூடு கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்?” என்று மரியலூர்து கையை உயர்த்தி ஆரம்பித்த நேரத்தில், அவருக்குப் பின்னால் அவருடைய வீடு பளீரென்று எரிந்தது.

தெரு முழுக்கக் கும்மிருட்டு. அவர் வீட்டில் மட்டும் ஹாலில் டியூப் லைட், வாசலில் பல்பு, மாதா படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள். உயர்த்திய கையின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு விழுந்தது. லூர்து கையை மெதுவாகக் கீழே இறக்கினார். சுவரில் இருந்த கையும் மரியாதையாகக் கீழே இறங்கியது.

“என்னா லூர்து, கரண்டு வந்துடுச்சா?” என்று கேட்டார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பொன்னுரங்கம்.

“ஒங்க வூட்டுல வரலியே சார்,” என்றார் லூர்து, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“அதான் நானும் கேக்கறேன்.”

உள்ளேயிருந்து லூர்துவின் மனைவி இன்னாசிமேரியின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “என்னாங்க! இன்வெர்ட்டர் வேலை செய்யுதுங்க! ஃபேன் கூட சுத்துதுங்க!”

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனால் சவேரியார் நகர் மூன்றாவது தெரு. தானே புயல் வந்து போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தெருமுனையிலிருந்த தூங்குமூஞ்சி மரம் அந்தப் புயலில் சாய்ந்தது. கிளைகளை யார் யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போக, அடிமரம் மட்டும் ஓரமாகக் கிடந்தது. நகராட்சி ஆட்கள் இரண்டு முறை ரம்பத்தோடு வந்தார்கள். இரண்டு முறையும் தெருக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அது மரமாக இல்லை, பெஞ்சாகிவிட்டிருந்தது.

புயலுக்குப் பிறகு கம்பம் நட்டுக் கரண்டு வந்தது. வந்த கையோடு மணிக்கணக்கில் போகவும் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வரும். அந்த ஒரு மணி நேரமும் தெரு ஜனம் மரத்தில்தான். எதிர்வீட்டு அமராவதி தையல் மிஷினை மூடிவிட்டு, அவித்த வேர்க்கடலையோடு வருவாள். பொன்னுரங்கம் தொண்டையைச் செருமி முதல் திட்டைத் தொடங்கி வைப்பார். நெய்வேலியில் எடுக்கிற கரண்டு நம்மைக் கண்டுகொள்ளாமலே நம் ஊரைத் தாண்டிப் போகிறதே என்பார். சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டரான ஞானசேகரன் வெளியூர் நிலவரம் சொல்வான். சிதம்பரத்தில் நம்மைவிட ஒரு மணி நேரம் குறைவாகத்தான் கட் என்றால் எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கும். கீரப்பாளையத்தில் நம்மைவிட ஜாஸ்தி என்றால் இன்னும் அதிகமாகக் கொதிக்கும். கஷ்டத்திலும் நம்மை ஒருத்தன் முந்துவதா?

கொசுவைப் பற்றிப் பேசுவது மட்டும் மரியலூர்துவின் இலாகா. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருக்கு வேலை ஒரு கல்லூரி நூலகத்தில். காலை பத்திலிருந்து ஐந்து வரை ‘உஷ்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேச வழியில்லாத உத்தியோகம். வீட்டுக்கு வந்து பேசலாம் என்றால் அங்கே இன்னாசிமேரி பேசிக்கொண்டிருப்பாள். ஆக, அவர் வாய் திறப்பதற்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த மரமும் அந்த ஒரு மணி நேரமும்தான்.

இன்வெர்ட்டர் அவர் கேட்டு வந்ததல்ல. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மகள் சகாய பிரியா, முதல் போனஸில் வாங்கி, அங்கிருந்தே ஆளையும் அனுப்பி மாட்டவைத்துவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு லூர்து போனபோது மரத்தில் அவருடைய இடம் காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தார். பொன்னுரங்கம் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, ஆரம்பித்தார்.

“நேத்து ராத்திரி பாருங்க, ஒரு கொசு...”

“லூர்து, தப்பா எடுத்துக்காத,” என்று தடுத்தார் பொன்னுரங்கம். “ஃபேனுக்கு அடியில படுக்கறவனுக்குக் கொசுவப் பத்திப் பேச பாத்தியதை கெடையாது.”

“சார், இப்ப இங்க ஒக்காந்து கடி வாங்கறேனே?”

“நீங்க ஆசைக்குக் கடி வாங்கறீங்க மாமா. நாங்க தலையெழுத்தேன்னு வாங்கறோம்,” என்றான் ஞானசேகரன்.

அமராவதி கடலைத் தட்டை நீட்டினாள். “எடுத்துக்குங்க, லைட் ஹவுஸ் அண்ணே.”

பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. லூர்து கடலையை மென்றுகொண்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். லைப்ரரியில் ஓவர்டைம் பார்ப்பது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேச்சை எடுத்தார். “ஏழுல இருந்து எட்டு வரைக்கும் அதை ஆஃப் பண்ணி வெச்சா என்னா?”

“எதுக்கு?” என்றாள் இன்னாசிமேரி, டிவி சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பேட்டரிக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு...”

“அது என்னா புள்ளத்தாச்சியா, ரெஸ்ட் எடுக்க? பொண்ணு ஆசை ஆசையா வாங்கிக் குடுத்தது. அணைச்சி வெச்சிட்டு இருட்டுல ஒக்காந்தீங்கன்னு தெரிஞ்சா அவ அழுவா.”

அழுவாள் என்பது நிஜம்தான். தினமும் போன் பண்ணி, “அப்பா, லைட்டு எரியுதா? நல்லாத் தூங்கினீங்களா?” என்று கேட்கிற பெண். அவளிடம், இது வேண்டாம்மா என்று சொல்ல லூர்துவுக்கு நாக்கு எழவில்லை. அதனால் மறுநாள் மரத்துக்குக் கிளம்புமுன், சமையலறையில் மனைவி திரும்பி நின்ற நேரம் பார்த்து, இன்வெர்ட்டரின் பின்பக்கம் கையை விட்டு ஒரு வயரை உருவிவிட்டார்.

ஏழு மணிக்குக் கரண்டு போனது. அவர் வீடும் இருண்டது. லூர்து செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

“போச்சு சார்! ரிப்பேர்! நாலு நாள் கூட தாங்கல! இப்ப ஃபேன் இல்ல, லைட்டு இல்ல, உள்ள கொசு பாருங்க...”

“அடப்பாவமே!” என்று எழுந்தார் பொன்னுரங்கம். “பொண்ணு ஆசையா வாங்கினதாச்சே. வாங்கய்யா, என்னான்னு பாத்துடுவோம்.”

“வேணாம் சார், இருட்டா இருக்கு...”

“டார்ச் இருக்கு.”

மொத்த மரமும் எழுந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தது.

“டிஸ்டில்டு வாட்டர் லெவல் பாத்தீங்களா மாமா?” என்று குனிந்தான் ஞானசேகரன். “சேப்பு கோட்டுக்குக் கீழ போவக் கூடாது.”

“டெர்மினல்ல பச்சை பூத்திருக்கான்னு பாரு. பூத்திருந்தா வெந்நி ஊத்திக் கழுவணும்,” என்றார் பொன்னுரங்கம்.

“நிக்கறதுக்கு முன்னால பீப் பீப்புன்னு கத்துச்சாண்ணே? கத்தியிருந்தா ஓவர்லோடு,” என்றாள் அமராவதி.

லூர்து அசந்துபோனார். “ஒங்களுக்கெல்லாம் இது எப்பிடித் தெரியும்?”

பொன்னுரங்கம் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

“பேப்பர்ல போட்டிருந்தான்,” என்றார் பொன்னுரங்கம்.

“நானும் அந்தப் பேப்பர்தான் படிச்சேன்,” என்றான் ஞானசேகரன்.

அமராவதிக்குத் தையல்காரி கண். “தோ, வயரு உருவிக்கிட்டு வந்திருக்கு,” என்று எடுத்துச் சொருகினாள். வீடு மறுபடி பளீரென்று எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். லூர்துவும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

இன்னாசிமேரிக்கு மனசு நிறைந்துவிட்டது. “எவ்ளோ நல்ல மனுஷங்க! இனிமே எதுக்கு அந்த மரத்துல, இருட்டுல? நாளையில இருந்து எல்லாரும் நம்ம வூட்டுலயே வந்து ஒக்காருங்க,” என்றாள்.

இது நல்ல யோசனையாக லூர்துவுக்கும் தோன்றியது. அடுத்த நாள் பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். ஏழு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். அமராவதி கடலையோடு வந்தாள். ஃபேன் ஜிலுஜிலுவென்று சுற்றியது. பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார்.

“இந்தக் கரண்டு இருக்கே...” என்று ஆரம்பித்தவர், நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“சிதம்பரத்துல இன்னிக்கு...” என்றான் ஞானசேகரன்.

“ம்?”

“ஒண்ணும் இல்ல.”

கடலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மரத்தில் இவ்வளவு நாளும் ஒருவருக்கொருவர் குரல்தான். இங்கே டியூப் லைட்டில் எல்லாருக்கும் முகம் இருந்தது. பொன்னுரங்கத்தின் பனியனில் மூன்று ஓட்டை. ஞானசேகரன் கொட்டாவி விடுவதை எல்லாரும் முழுசாகப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாவற்றையும் படித்தார். ஒரு கொசுவாவது வராதா என்று லூர்து ஏங்கினார்.

“பால அடுப்புல வெச்சிட்டு வந்துட்டேன்,” என்று அமராவதி எழுந்தாள்.

“எனக்குக் காலையில ஃபர்ஸ்ட் டிரிப்பு,” என்று ஞானசேகரன் எழுந்தான். பத்து நிமிஷத்தில் பத்து நாற்காலியும் காலி.

அதற்கு அடுத்த நாள் லூர்து மரத்துக்கே போனார். அங்கே பொன்னுரங்கம் மட்டும்தான் இருந்தார். அவரும் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தார்.

“மத்தவங்கல்லாம் எங்க சார்?”

“யாரும் வரல. ஒரு வூட்டுல வெளக்கு எரிஞ்சா மத்தவனுக்கு இருட்டு ருசிக்க மாட்டேங்குது. இந்த மரத்தை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு நகராட்சிக்கு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

தன்னால் ஒரு தெருவே வாயடைத்துப் போனதை லூர்துவால் தாங்க முடியவில்லை. “ஒரு நாள் பொறுங்க சார். ஒரே ஒரு நாள்.”

“ஒரு நாள்ல என்னா பண்ணிக் கிழிக்கப் போற?”

லூர்து அதற்குள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டிருந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அந்தோணியார் நவநாளுக்கு இன்னாசிமேரி கோயிலுக்குக் கிளம்பியதும், ரயில்வே கேட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பக்கிரியைக் கையோடு அழைத்து வந்தார் லூர்து. பக்கிரி அதிகம் பேசாத மனிதர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் லூர்து விஷயத்துக்கு வந்தார்.

“பக்கிரி, நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்க சார்.”

“இந்த இன்வெர்ட்டர் நல்லா ஓடணும். ராத்திரி ஃபேன் சுத்தணும். பொண்ணு போன் பண்ணா, ‘நல்லா ஓடுதும்மா’ன்னு நான் பொய் இல்லாம சொல்லணும். ஆனா சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு வரைக்கும் மட்டும் இது செத்துக் கெடக்கணும். ஏன்னு என் வூட்டம்மாவுக்கே புரியக் கூடாது.”

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இருட்டு போட்டுக் கொடு என்று கேட்ட ஆள் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

பக்கிரி சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. பைக்குள் கையை விட்டு, வயரெல்லாம் முறுக்கித் தயாராக இருந்த ஒரு சின்ன சுவிட்சை எடுத்தார்.

“சாமி படத்துக்குப் பின்னால வெச்சிடலாம் சார். ஒங்க கைக்கு எட்டும், வெளிய தெரியாது.”

பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. லூர்து மெயினை அணைத்துப் பார்த்தார். இன்வெர்ட்டர் மூச்சு விடவில்லை. படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினார், ஃபேன் சுற்றியது. மறுபடி தட்டினார், நின்றது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் மாதாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். அடுத்த நிமிஷமே பயமும் வந்தது.

“பக்கிரி, பேட்டரியைக் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு தெருவுல சொல்லிக்கறேன். நீ வாயத் திறக்கக் கூடாது. முக்கியமா பொன்னுரங்கம் சாருக்குத் தெரியவே கூடாது. வூட்டுல இன்வெர்ட்டரை வெச்சிக்கிட்டு இருட்டுல வந்து நடிக்கறான்னு தெரிஞ்சா, என்னை ஜென்மத்துக்கும் மரத்துப் பக்கம் சேக்க மாட்டாரு. சத்தியம் பண்ணு.”

பக்கிரி ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“சொல்ல மாட்டேன் சார். பொன்னுரங்கம் சார்ல ஆரம்பிச்சி பத்து வூட்டுக்காரங்களுக்கு இதே சத்தியத்தைப் பண்ணிக் குடுத்திருக்கேன். இந்தத் தெருவுல இந்த சுவிட்ச் இல்லாம இருந்த இன்வெர்ட்டர் ஒங்களுது ஒண்ணுதான்.”