பூட்டிய அறையில் மூச்சு

பூட்டிக் கிடந்த டியூஷன் அறைக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்ற சந்தேகம் ஆம்புரோசுக்குச் சனிக்கிழமை காலையில் வந்தது.

குனோங் ராபாட்டில் வீட்டு முன்னறையிலேயே வேதியியல் டியூஷன் நடத்துகிறவர் அவர். ஏர்கோன் போட்டு அடைத்தால் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள் என்று, கரியமில வாயுவை அளக்கும் கருவியைச் சுவரில் மாட்டியிருந்தார். காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு எத்தனை கரியமில வாயு என்று அது தன் திரையிலும் போனிலும் காட்டும். ஆளில்லாத அறையென்றால் நானூற்று இருபது. பள்ளி விடுமுறை, அறை பூட்டி மூன்று நாள். கருவியோ ஆயிரத்து நூறு என்றது.

"ரோசரி, உள்ள போனியா?"

"சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு," என்றாள் மனைவி.

வெளிக்காற்றுதான் கெட்டிருக்கும் என்று சன்னல் இடுக்கிலெல்லாம் டேப் ஒட்டினார். மதியம் ஆயிரத்து அறுநூறு.

"அந்த மூலையில ஏதோ நிக்குதுங்க. எனக்குப் புல்லரிக்குது."

"வாயு மூலையில நிக்காதுலா. முட்டி மோதி ரூம் பூரா பரவிடும்."

"அப்ப ரூம் பூரா நிக்குதா?"

ரோசரி ஆறு மெழுகுவத்தி ஏற்றி ஜெபித்தாள். இரண்டாயிரத்தைத் தாண்டியது. "ஜெபம் பண்ணா கோவப்படுது!" என்று அலறினாள். மெழுகுவத்தி எரிந்தாலும் கரியமில வாயு வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சிலிர்த்து நின்ற கை ரோமத்துக்கு வேதியியல் தெரியவில்லை.

கோப்பெங்கிலிருந்து ரோசரியின் தங்கை கார்மெனும் அவள் கணவன் ஐவனும் ஓடி வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் அடித்தொண்டையில் ஜெபப்பாட்டுப் பாடினார்கள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

"அண்ணே, இது ஒரு ஆளு இல்ல. குடும்பத்தோட குடி வந்திருக்கு," என்றான் ஐவன்.

மறுநாள் காலை, கருவியை விற்ற தேவன் வந்தான். மோப்பம் பிடித்துக்கொண்டே போய் அறை மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தான். உள்ளே இரண்டு பெரிய வாளி நிறைய, மரவள்ளிக்கிழங்கைப் புளிக்க வைத்த தாப்பாய் நுரைத்துக்கொண்டிருந்தது.

ரோசரி தலை குனிந்தாள். "கார்மென் பொறந்தநாளுக்கு வச்சேன். அடுப்படியில இருந்தா நீங்க தின்னுடுவீங்க. உங்களுக்கு இனிப்பு ஆகாது. அதான் நீங்க ரூம பூட்டுறதுக்கு முன்னாடியே..."

"புளிக்கிறப்ப இந்த வாயுதான்க்கா வரும்," என்றான் தேவன்.

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வாளிகள் வெளியேறின. சன்னல்களைத் திறந்ததும் கருவி நானூற்று இருபதுக்கு இறங்கியது.

"எதுக்கும் ஒரு தடவ சோதிச்சிடலாம்ண்ணே. நீங்க நாலு பேரும் எல்லாத்தையும் சாத்திட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. இந்த அளவு ரூம்ல ஒரு ஆளு மூச்சு பத்து நிமிஷத்துல நூறு ஏத்தும். நான் வெளிய இருந்து போன்ல பாக்குறேன்," என்றான் தேவன்.

உட்கார்ந்தார்கள். பத்தாவது நிமிடம் ஆம்புரோஸ் சுவரைப் பார்த்தார். எழுநூற்று இருபது. அப்பாடா என்றிருந்தது.

"தேவன், எழுநூத்தி இருபதுதான்! பேயும் இல்ல, பிசாசும் இல்ல!"

கதவு திறந்தது. தேவன் வாசலைத் தாண்டவில்லை. நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மெஷின் சரியாத்தான் எண்ணுதுண்ணே, மூணு பேரு மூச்சு. உங்கள்ல யாரு மூச்சு விடலன்னு கொஞ்சம் பாருங்கலா."