பெரியபட்டினத்துக் கோல்ஃப் சாம்பியன்

முன்னாள் சாம்பியன் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் நிச்சயம். பெரிய ஊர் என்றால் டீக்கடைக்கு ஒருவர். வென்றது ஒரே ஒரு தடவையாக இருக்கும். ஆனால் அந்தக் கதையைக் கேட்காமல் யாரும் அவரிடமிருந்து தப்பிப் பஸ் ஏறியதில்லை.

எங்கள் பெரியபட்டினத்துச் சாம்பியன் பாக்கர் பாய். ஆட்டம் கோல்ஃப். சிரிக்காதீர்கள். வளைகுடாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர், பந்து பொறுக்கி, மட்டை சுமந்து, கடைசியில் தானே பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவராகி, அங்கே மைதானத்தில் புல் முளைக்காத காலத்தில், எண்ணெய் தெளித்து இறுக்கிய மணலில் நடந்த முதல் தொழில்முறைப் போட்டியில் கோப்பை வாங்கியவர். மணலில் பந்தை வைக்க ஆளுக்கொரு பச்சை விரிப்புத் துண்டு கொண்டுபோவார்களாம். பாயுடைய துண்டு இன்றும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

எதைப் பார்த்தாலும் தன் ஆட்டமாகவே பார்ப்பதுதான் இந்த இனத்தின் குணம். விறகு வெட்டுகிறவரிடம், "முழங்கைய மடக்காதப்பா." துடைப்பம் பிடித்த மருமகளிடம், "இடுப்பு திரும்பணும்மா." பிரியாணி பரிமாறுகிறவருக்குக் கரண்டிப் பிடி பற்றி ஒரு பாடம். பந்தியில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

மனைவி தாஜுன்னிசா மட்டும் இதையெல்லாம் மறுத்ததும் இல்லை, நம்புவதாகச் சொன்னதும் இல்லை. கல்யாணமான நாளாகக் கேட்கிற கதை. கண்ணால் ஓர் அடிகூடப் பார்த்ததில்லை. அதுதான் மனிதருக்கு நெஞ்சில் முள்.

ஆகவே பள்ளிக்கூடத்தார் விளையாட்டு விழாவுக்கு அழைத்து, கடற்கரையில் ஒரு பந்து அடித்துக் காட்டச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "பொம்பளையாளுக எங்கன உக்காருவாக?"

அன்று விரிப்பைப் போட்டார். பந்தை வைத்தார். காற்றைப் பார்த்தார், காலை ஊன்றினார், இடுப்பைத் திருப்பினார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மட்டையை வீசினார். விரிப்பு பறந்தது. பந்து அங்கேயே கிடந்தது.

"கச்சான் காத்து சாஸ்தி மச்சான்," என்றார் படகுக்கார மீரா சாகிபு, மெதுவாக.

பாக்கர் பாயின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தாஜுன்னிசா எழுந்து போய் விரிப்பை எடுத்து, மணலை உதறி, அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"நீங்க நின்ன நிலையிலயே தெரிஞ்சுபோச்சு. கப்பு நீங்க வாங்குனதுதான். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அதோடு அடங்கிவிட்டார் என்கிறீர்களா? மறுநாள் டீக்கடையில், "அம்புட்டுக் காத்துலயும் பந்த அசைய விடலயே, பாத்தீகளா?"

நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் நீங்கள்கூட வீட்டில் "நான் காலேஜ்ல இருந்தப்ப" என்று தொடங்கினீர்களே, சாப்பிட்ட தட்டோடு எழுந்து போனது யார்? எதற்கும் சொல்லிவைக்கிறேன். அடித்துக் காட்டச் சொல்லி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், விரிப்பைப் பொறுக்கித் தர ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.