இலுப்பூர் சர்வரும் மேகத்தில் ஓடிய பஸ்ஸும்

ஐரோப்பாக் கண்டத்தில் இதுவரை பஸ் ஓட்டியவர்களிலேயே மிகப் பொறுப்பான டிரைவர், இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் சர்வர்தான். மறுப்பவர்கள் அங்கிருந்து யாரையாவது கூட்டி வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. ஓட்டலில் பரிமாறுகிறவர் சர்வர், அவ்வளவுதான். ஐம்பதைத் தொட்ட வயது, தோளில் ஈரத் துண்டு, எப்போதும் எங்கேயோ கிளம்ப நேரமாகிவிட்டது போன்ற ஒரு முகம்.

நான் அப்போது இலுப்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நின்றுபோன பிரிண்டரை அணைத்துவிட்டு மறுபடி போடத் தெரிந்த ஒரே ஊழியன் என்பதால் ஊரில் எனக்குக் ‘கம்ப்யூட்டர் சார்’ என்று பெயர். என் ஞானம் அந்தப் பொத்தானோடு முடிந்துவிடுகிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் டிபன் நேரம் முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டே சர்வர் கேட்டார்:

“சார், நெசமாவே பஸ் ஓட்டுற மாதிரி கேமு இருக்காமே. அதுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேணுமாமே?”

“அதெல்லாம் அந்தக் காலம்ணே. இப்ப கிளவுட்டு, அதாவது மேகம், வந்திருச்சு. கம்ப்யூட்டர் எங்கிட்டோ பம்பாய்ப் பக்கம் இருக்கும். கேம் அங்க ஓடும். படம் மட்டும் நெட்டு வழியா நம்ம டிவிக்கு வரும். நீங்க இங்க பட்டன அமுக்குனா அங்க வண்டி திரும்பும்.”

“அதாவது, அடுப்பு அங்க. எலை இங்க.”

“அதேதான்.”

“நடுவுல யாரு கொண்டாந்து வைக்கிறது?”

“அதுக்கு சர்வர்னு ஒண்ணு இருக்கும்ணே.”

துடைத்த கை நின்றது. “ஒண்ணா? இருப்பாருன்னு சொல்லுங்க சார். மரியாதையா சொல்லுங்க.”

நானும் மரியாதையாகவே சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் வாய் நீண்டுவிட்டது. “இன்னொன்னு கேளுங்க. இந்த டிவி ஒடஞ்சாலும், கடையே இடிஞ்சாலும், உங்க வண்டி மேகத்துல பத்திரமா இருக்கும். அழிவே கெடையாது.”

கல்லாவிலிருந்து கடை அக்கா தலையைத் தூக்கினார். “ஏங்க, வெளங்க வைக்க வேற ஒண்ணும் கெடைக்கலியா? எங்கடைதான் இடியணுமா?”

ஆனாலும் ஓட்டல் டிவியை அக்காதான் கொடுத்தார். காலை டிபன் ஓய்ந்த பிறகு, பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் என்று நிபந்தனை. சர்வர் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கிவந்தார். நான் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். பெயர் கேட்ட இடத்தில் ‘சர்வர்’ என்று அடித்தேன். அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆங்கிலத்தில் மறுத்துவிட்டார்கள். “பாத்தீங்களா, அங்க அவருக்கு எம்புட்டு மரியாதை!” என்று சர்வர் பூரித்துப்போனார்.

அது தொலைதூர பஸ் ஓட்டும் விளையாட்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று சாலைகள். அந்த ஊர்ப் பெயர்கள் சர்வரின் வாயில் நுழையவில்லை. அதனால் அவரே பெயர் வைத்தார். வண்டி கிளம்பும் டெப்போ இலுப்பூர். அடுத்த பெரிய ஊர் அன்னவாசல். பனி மூடிய ஆல்ப்ஸ் மலை நார்த்தாமலை. அதற்கு அந்தப்பக்கம் கடலோரமாக இருந்த இத்தாலி நகரம் கீரமங்கலம். ஒரு வாரத்தில் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தப் புவியியலை ஏற்றுக்கொண்டார்கள். டீ குடிக்க வந்தவர் டிவியைப் பார்த்து, “நார்த்தாமலையில இன்னிக்கும் பனியா?” என்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார். வளைவில் பஸ் சாய்ந்தால் பெஞ்சில் இருக்கிற ஆறு பேரும் சாய்வார்கள்.

மற்றவர்கள் விளையாட்டில் வண்டியை மோதி மகிழ்வார்கள். சர்வர், சாலையில் ஆளே இல்லாத இடத்திலும் இண்டிகேட்டர் போட்டார். நிறுத்தக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். ராகுகாலத்தில் வண்டி எடுக்க மாட்டார். திரையில் ‘சர்வர் பிஸி’ என்று வந்தால் எங்களுக்கு எரிச்சலாக வரும். அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

“முகூர்த்த நாளா இருக்கும் சார். கூட்டம் அள்ளியிருக்கும். அவரும் எத்தனை எலையத்தான் பாப்பாரு, பாவம்.”

ஆயுத பூஜை வந்தது. ஊரில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சர்வர் கையில் சந்தனக் கிண்ணத்தோடு தவித்துப்போனார். “வண்டி பம்பாயில நிக்கிது. பொட்டு எங்க சார் வைக்கிறது?” நான் யோசிக்காமல், சுவரில் மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியைக் காட்டினேன். தண்ணீர் தெளித்து, சந்தனத்தைக் குழைத்து, அதன் துவாரங்கள் எல்லாவற்றையும் நிரப்பி, மாலையும் போட்டார். மூன்று நாள் ஐரோப்பா முழுக்கப் பஸ் ஓடவில்லை.

“வண்டிக்குப் பூச போடச் சொன்னா, பொட்டிய குளிப்பாட்டிட்டான்!” என்றார் அக்கா. பார்த்தது என்னை.

இந்தச் சேவையில் இன்னொரு தொல்லை உண்டு. பொத்தானை அமுக்கினால் அது பம்பாய் போய், அங்கே வண்டி திரும்பி, அந்தப் படம் இலுப்பூர் வந்துசேர அரை நொடி பிடிக்கும். இந்தத் தாமதத்துக்கு லேக் என்று பெயர். மழை நாளில் ஒரு நொடி. நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அன்னவாசலில் ஒரு பூக்கடைக்குள் போய்த்தான் நின்றேன். சர்வர் இதைக் குறை என்றே நினைக்கவில்லை. வளைவு வருவதற்கு முன்பே திரும்பவும், சிக்னல் மாறுவதற்கு முன்பே பிரேக் போடவும் பழகிக்கொண்டார்.

அந்தப் பழக்கம் ஓட்டலுக்குள்ளும் புகுந்துவிட்டது. இலையில் இட்லி விழும் முன்பே சாம்பார் ஊற்றினார். நான் சாலைக்கு அந்தப்பக்கம் வரும்போதே “வாங்க சார், ரெண்டு இட்லி ஒரு வடைதானே” என்று வெற்று வாசலைப் பார்த்துக் கேட்டார். ஒரு பெரியவர் சாப்பிட உட்காரும்போதே அவர் முன் பில் வந்துவிட்டது. “ஏப்பா, திங்க விட மாட்டியா?” என்று அவர் மிரண்டார்.

தினமும் பொங்கல் சாப்பிட வரும் மினி பஸ் கண்டக்டர் ஒருவர் ஒருநாள் சீண்டினார். “அண்ணே, இம்புட்டு ஒழுங்கா ஓட்டுறீகளே, நெச வண்டி ஓட்டப் போனா என்ன?”

சர்வர் டம்ளரை அடுக்கிக்கொண்டே சொன்னார். “போனேன்ல. எழுத்து, ஓட்டம் எல்லாம் பாசு. கண்ணு டெஸ்டுல கழட்டி விட்டாங்க. எனக்கு செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இம்புட்டுத் தெரிஞ்சாப் போதாதான்னு கேட்டேன். போதாதுன்னுட்டாங்க.” பிறகு சிரித்தார். “மேகத்துல அதெல்லாம் யாரும் கேக்கல.”

கண்டக்டர் அதற்குப் பிறகு அவரைச் சீண்டவில்லை.

கார்த்திகை பிறந்த சமயம் சர்வரின் போனுக்கு அந்தக் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் போனை நீட்டினார். சேவையை மூடுகிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணியோடு எல்லாம் நிற்கும். ஆட்டத்தில் சேர்த்தது எதையும் வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.

“என்ன சார் போட்டிருக்கு?”

“அது… விளம்பரம்ணே.”

அடுத்த இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அறையில் உட்கார்ந்து பன் தின்றேன். அழிவே கிடையாது என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்ன வாய்க்கு அதுவே அதிகம். மூன்றாம் நாள் சர்வரே இட்லிப் பொட்டலத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

“கண்டக்டர் தம்பி படிச்சுச் சொல்லிருச்சு சார். நீங்க ஏன் பட்டினி கெடக்குறீங்க? இந்தாங்க.” பிறகு மெதுவாகக் கேட்டார். “நம்ம வண்டிதானே சார், எடுத்து வேற எங்கிட்டாச்சும் போட முடியாதா?”

“வண்டி நம்மளது இல்லீங்கண்ணே. அவங்களோடது. நமக்கு ஓட்ட மட்டுந்தான் பாத்தியம்.”

குனிந்து பொட்டலத்தின் நூலை அவிழ்த்தார். “ரெண்டாவது தடவையும் எறக்கி விட்டுட்டாங்க” என்றார். நான் எதையாவது சொல்வதற்குள் நிமிர்ந்துவிட்டார். “சரி, போகட்டும். ஆனா வண்டி இப்பக் கீரமங்கலத்துல நிக்கிது சார். அம்பது பேரு உக்காந்திருக்காக. வேலைய விட்டுப் போறவன் வண்டிய டெப்போல போட்டுட்டுத்தான் போகணும். நடுரோட்டுல விட்டுட்டு வந்தா நான் டிரைவரே இல்ல.”

பதினோரு நாள் இருந்தது. சாதாரணமாக மூன்று நாள் ஓட்டம். ஆனால் அது கார்த்திகை மழை. காலையில் மின்சாரம் போகும். மின்சாரம் வந்தால் நெட் போகும். இரண்டும் வந்தால் மணி பன்னிரண்டு ஆகிவிடும். ஒருநாள் நார்த்தாமலை அடிவாரம் வரை போனோம், படம் உறைந்தது. மறுநாள் திறந்தால் வண்டி மறுபடி பழைய ஸ்டாப்பில். இரவில் எழுந்து எழுந்து போனில் நெட் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆயுளில் என் சொந்த வேலை எதற்கும் அப்படி அடித்துக்கொண்டதில்லை.

முப்பதாம் தேதி. காலை முதல் மழை. பத்து மணிக்கு நார்த்தாமலையைத் தாண்டி, பத்தே முக்காலுக்கு அன்னவாசல் வந்துவிட்டார். பதினொன்று இருபதுக்குப் பட்டென்று டிவி அணைந்தது. மின்சாரம் போய்விட்டது.

“அக்கா!” என்று சர்வர் எழுப்பிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“இருப்பா, கத்தாத.” அக்கா கிரைண்டரைப் பிடுங்கிவிட்டு, டிவியை இன்வெர்ட்டரில் மாட்டினார். “மத்தியானச் சாப்பாட்டுக்குச் சட்னி கெடையாது. இன்னிக்கு யாரும் கேக்கக் கூடாது!”

நெட்டுக்கு என் போன். ஆனால் தண்ணீர் டிரம்முக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் அதில் சிக்னல் நின்றது. பெஞ்சில் ஏறி, சிலைபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கண்டக்டர் எல்லோரையும் மிரட்டினார்: “யாரும் செல்லுல படம் பாக்காதீக! டவர அவருக்கு விடுங்க!” வெளியே அவர் ஏற வேண்டிய மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “இருய்யா, இங்க ஒரு வண்டி உள்ள போகணும்!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

பதினொன்று ஐம்பது. படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. சாலை எது, வானம் எது என்று எனக்குத் தெரியவில்லை. சர்வருக்குத் தெரிந்தது. பாதி படத்தையும் பாதி நினைவையும் வைத்து ஓட்டினார். கை மரத்துப்போய் என் போன் லேசாகச் சரிந்தது. “சார், கைய எறக்காதீங்க” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

ஐம்பத்தெட்டு. டெப்போ வாசல் தெரிந்தது. கண்டக்டர் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று கையை ஆட்டினார். “வரட்டும்… வரட்டும்… ரைட்ல கொஞ்சம் ஒடிங்கண்ணே… வரட்டும்…”

வாசலுக்குப் பத்தடி வெளியே படம் அப்படியே நின்றது.

சர்வரின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. நின்றுபோன படத்தைப் பார்த்தபடியே மெல்ல இடப்பக்கம் ஒடித்தார், நேராக்கினார், பிரேக்கை அமுக்கினார். இண்டிகேட்டரை அணைத்தார். பயணிகள் இறங்கக் கதவைத் திறக்கும் பொத்தானையும் அமுக்கினார். பிறகு திரை கறுத்து, ஆங்கிலத்தில் ஒரு நன்றி வந்தது. மணி பன்னிரண்டு.

அவர் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சார், வண்டி உள்ள போயிருச்சா?”

நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். கடை முழுக்க என்னையே பார்த்தது.

“போயிருச்சுண்ணே. நமக்குப் படம் எப்பவுமே லேட்டாத்தானே வரும்? நாம பாக்கும்போது அங்க வண்டி முன்னாடியே போயிருக்கும். படம் இங்கிட்டு வர்ற பாதைதான் அடச்சிருச்சு. பட்டன் அங்கிட்டுப் போற பாதை வேற. நீங்க அமுக்குனது எல்லாம் போய்ச் சேந்திருக்கும்.”

அவர் அதைத் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். “அப்ப சரி” என்றார். எழுந்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டு, சாப்பாட்டுக்கு இலை போடப் போனார்.

அதற்குப் பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது. கம்ப்யூட்டர் உண்மையிலேயே தெரிந்த பலரோடு இப்போது வேலை செய்கிறேன். அன்று நான் சொன்ன விளக்கம் சரிதானா என்று அவர்களில் ஒருவரைக்கூட இதுவரை கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.